சந்தேகம் வந்தால் சிவப்பு டப்பா

எபி,

உன் இடது காது கம்பெனி மெஷின் சத்தத்தில் மந்தமாகிவிட்டது என்று சந்தியாவிடம் சொல்லியிருக்கிறாய். நேற்று அவள் பள்ளிப்பட்டிலிருந்து போன் செய்தபோது அதைச் சொல்லி வருத்தப்பட்டாள். "ஏன் அத்தே, காதுல வெச்சிக்க பஞ்சு கூடவா குடுக்க மாட்டாங்க அந்தக் கம்பெனில?" என்று கேட்டாள். நான் "ஆமாம்மா, அப்படித்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு களைந்த அரிசியை உலையில் போடாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கம்பெனிகள் நமக்குச் செய்தது ஏராளம். ஆனால் அவர்கள் செய்யாத ஒன்றை அவர்கள் தலையில் போட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் நல்லவர்களாக நிற்கிறோம். உன் காது போனதற்குக் காரணம் நான். அடுத்த மாதம் அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வாழ வருகிறாள். அதற்கு முன்னால் அவளுக்கு இது தெரிய வேண்டும்.

நேரில் பேச முயன்றால் நீ "உடும்மா, பழசு" என்று எழுந்து போய்விடுகிறாய். அது பழசு இல்லை. புதன்கிழமை டாக்டர் சொன்னதை நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய். என் தலைக்குள் இருக்கும் கட்டி திரும்ப வளர்ந்திருக்கிறது. மூக்கு வழியாக ஆபரேஷன் செய்தாலும் முழுதாக எடுக்க முடியாது, ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றார். விட்டால் பார்வை போகும். அதனால் முன்பு நிறுத்திய அதே மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்க வேண்டும். நீ உடனே தலையாட்டினாய். நான் ஆட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ கல்யாண மண்டபத்துச் சமையல்காரரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய். பயந்தால் நீ சாப்பாட்டைப் பற்றிப் பேசுவாய், சின்ன வயதிலிருந்தே.

இதை எழுதி உனக்கு மட்டும் கொடுக்கப் போவதில்லை. அச்சில் வந்தாலும் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன். மாத்திரைப் பட்டையோடு தமிழில் ஒரு தாள் வராத வீடுகள் நம் வீட்டைப் போல எத்தனையோ.

உனக்குச் சொல்லாத இடத்திலிருந்து தொடங்குகிறேன். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. நீ தேர்வாய் கண்டிகைக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டில் புதிதாகச் சேர்ந்திருந்தாய். ஒரு நாள் வேலை நேரத்தில் என் மார்பில் பால் வந்தது. கம்பெனிக் கோட்டின் மேல் வட்டமாக ஈரம். பக்கத்து மேஜையில் இருந்த நம் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா அதைப் பார்த்துவிட்டு என் காதருகில் வந்து, "இன்னாடி இது, இந்த வயசுல?" என்று கேட்டது. தெரியாது என்றேன். அது மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தன் கைக்குட்டையை நான்காக மடித்துக் கொடுத்தது. மற்றவர்கள் அப்படி இல்லை. புருஷன் செத்துப் பதினான்கு வருஷமான பொம்பளைக்குப் பால் வந்தால் ஊர் என்ன கதை கட்டும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மாதவிலக்கு நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. தெருமுனை கிளினிக்கில் காட்டினேன். "வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டார் டாக்டர். இல்லை என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு கேஸ் மாத்திரை எழுதினார். பால் பத்து மாதம் வந்தது. தினமும் துணி மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அதற்காக ஒரு நாள் லீவு போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்.

பிறகு பக்கவாட்டில் பார்வை குறைந்தது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். ரோட்டில் பக்கத்தில் வரும் வண்டி தெரியவில்லை. டிரேயின் இரண்டு ஓரத்திலும் இருந்த பீஸ்களைப் பார்க்காமலே விட்டேன். லைன் லீடர் கத்தினார். கண்தான் என் சம்பளம் என்பதால் அதற்கு மட்டும் லீவு கிடைத்தது. சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி, பிட்யூட்டரி என்று பெயர், அதில் திராட்சை அளவுக்குக் கட்டி, புற்றுநோய் இல்லை, ஆனால் பாலைச் சுரக்க வைக்கிறது, கண் நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் சீட்டின் பின்னால் படம் போட்டுக் காட்டினார். கேபர்கோலின் மாத்திரை. ஞாயிறு பாதி, வியாழன் பாதி. மொத்தம் இரண்டு நிமிஷம் பேசியிருப்பார். அவரைத் திட்ட எனக்கு ஆசைதான். ஆனால் எனக்குப் பின்னால் சுவரோரமாக நின்ற அந்த வரிசையை அவர் உண்டாக்கவில்லை. ஒரு டாக்டர் போதும் என்று எங்கேயோ ஒருவர் தீர்மானித்திருக்கிறார். மருந்துக்கடையில் எங்களிடம் இருந்த பணத்துக்கு ஏற்ப பட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுத்தார்கள். என்னென்ன ஆகலாம் என்று எழுதிய தாள் பெட்டியோடு கடையிலேயே தங்கிவிட்டது. வந்திருந்தாலும் இங்கிலீஷ், அதுவும் எறும்பு எழுத்து.

மூன்று வாரத்தில் பக்கங்கள் திறந்துகொண்டன. பால் வற்றியது. பஸ்ஸில் போகும்போது காக்களூர் ஏரியின் இரண்டு கரையும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அழுதேன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

என் வேலை என்ன என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். வண்டி பிரேக்குக்குள் போகும் ரப்பர் வளையம் சரிபார்க்கும் வேலை, கம்பெனியில் க்யூசி என்பார்கள். சுண்டுவிரலில் மாட்டலாம், அவ்வளவுதான் அளவு. மேஜை மேல் டியூப்லைட், கையில் லென்ஸ், எதிரே சுவரில் ஒரு பலகை. பலகையின் நடுவில் குறையே இல்லாத ஒரு வளையம் ஒட்டியிருக்கும், மாதிரி பீஸ். அதைச் சுற்றிக் குறையுள்ளவை: பிசிறு, குமிழ், வெட்டு. நல்லது பச்சை டிரே. கெட்டது சிவப்பு டப்பா. மஞ்சள் டிரே ஒன்றும் உண்டு. பார்ப்பவளால் தீர்மானிக்க முடியாததை அதில் வைத்தால் இன்னொரு ஆள் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த இன்னொரு ஆளைக் கம்பெனி வேலைக்கு வைக்கவே இல்லை. மஞ்சள் டிரேயில் எங்கள் டீ டம்ளர்களை வைத்துக்கொண்டோம். முதல் நாள் லைன் லீடர் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். "டவுட்டா கீதுன்னா யோசிக்காத. சிவப்பு டப்பால போடு."

மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆனதும் என் சிவப்பு டப்பா மற்றவர்களுடையதை விட வேகமாக நிரம்பியது. யார் கண்ணுக்கும் தெரியாத பிசிறு எனக்குத் தெரிந்தது. டீ நேரத்தில் எழுந்திருக்கத் தோன்றாது. பசிக்காது. ஒன்றை எடுத்து, திருப்பி, வைத்து, அடுத்ததை எடுப்பதில் ஒரு இனிப்பு இருந்தது, எபி, அதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மானேஜர் எல்லோர் முன்னாலும் கை தட்ட வைத்து எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார். நோட்டீஸ் போர்டில் என் போட்டோ. ஒரு பொம்பளை எட்டு மணி நேரம் மூத்திரம் கூடப் போகாமல் குனிந்து உட்கார்ந்திருந்தால் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று யாருக்காவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. அவர்களுக்கு அது வேலை. எல்லாரும் அப்படி ஆகிவிட்டால் நல்லது என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டிலும் உட்கார்ந்தேன். துவரம்பருப்பைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து உட்கார்ந்தவள், நீ பிற்பகல் வந்து பார்க்கும்போதும் அதே இடத்தில் இருந்தேன். அடுப்பு பற்ற வைக்கவில்லை. "இன்னாம்மா, பருப்புக்கும் க்யூசி போட்டுகினு கீற? ரிஜெக்ட்டானத எங்க வெச்சிருக்க, அதையாவது ஆக்கு" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். கடைக்குப் போய் சாப்பாடு வாங்கி வந்தாய். நாம் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அன்றுதான். அதற்குப் பிறகு என் கண் முகங்களுக்குப் போயிற்று.

உன்னில் குறை ஒன்றும் இல்லை. அதுதான் என் சந்தேகமே. செருப்பை உன்னைப் போலவே வாசலில் இடது வலது மாற்றி விட்டாய். உன்னைப் போலவே தட்டில் கருவேப்பிலையை ஓரம் ஒதுக்கினாய். "துன்னியாம்மா?" என்று அதே இழுப்பில் கேட்டாய். அச்சில் வார்த்து எடுத்தது போல் இருந்தாய். நிஜமான எதிலும் கொஞ்சம் பிசிறு இருக்கும் என்பது என் தொழில் எனக்குச் சொன்னது. உனக்குப் பிசிறே இல்லை. நீ வேலைக்குப் போன பின் உன் சட்டைகளை முகர்ந்து பார்ப்பேன். வாசனையையும் சரியாகவே செய்திருக்கிறார்கள் என்று நினைப்பேன். யார் செய்தார்கள், எதற்கு, என்றெல்லாம் யோசித்ததே இல்லை. எதிரே ஒருவன் உட்கார்ந்து சோறு தின்கிறான், அவன் என் பிள்ளை இல்லை. இது வெயில் போலத் தெளிவாக இருந்தது. உனக்குச் சோறு போட்டேன், ஏனென்றால் என் பிள்ளை எங்கோ இருக்கிறான், நான் இவனைப் பட்டினி போட்டால் அவனை அவர்கள் பட்டினி போடுவார்கள்.

அப்போதுதான் சுவரில் நீ மாட்டிய போட்டோவைப் பார்த்தேன். பழவேற்காட்டில் படகுக்கு முன்னால் நின்று நீயே போனில் எடுத்து, பிரேம் போட்டு வந்தது. மாதிரி பீஸ் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கம்பெனி லென்ஸை மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டு வந்தேன். சைக்கிளிலிருந்து விழுந்து உன் புருவத்தில் வந்த தழும்பு போட்டோவில் வலது புருவத்தில் இருந்தது. நீ தூங்கும்போது குனிந்து பார்த்தேன். உனக்கு இடது பக்கம்.

என்னைப் பைத்தியம் பிடித்தவள் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். என் கையில் சாட்சி இருந்தது. யாரும் மறுக்க முடியாத சாட்சி.

அந்தப் பிற்பகல். சித்திரை மாதம், மூன்றரை மணி, தெருவில் ஒரு நிழல் கிடையாது. முதல் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் உன்னை இறக்கிவிட்டது. கதவுக்குத் தாழ் போட்டிருந்தேன். நீ தட்டினாய்.

"யம்மா, கதவத் தொற."

"யாரு நீ?"

"இன்னா விளையாட்டு இது. பசிக்குதும்மா."

"சன்னல் கிட்ட வா. மூஞ்சியக் காட்டு."

நீ வந்தாய். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீ பயப்படாமல், நான் பார்க்க வசதியாக முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாய். தழும்பு இடது பக்கம். "எம் புள்ள எங்க?" என்று கேட்டேன். நீ "நாந்தாம்மா எபி" என்றாய். உன் சட்டை, சர்டிபிகேட், போர்வை எல்லாவற்றையும் துணி ஊறவைக்கும் சிவப்பு டப்பில் போட்டு வைத்திருந்தேன். கதவைத் திறந்து அதை வெளியே தள்ளிவிட்டு, திருடன் என்று கத்தினேன்.

கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்த மூன்று பேர் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. ஒரு தாய், இவன் என் மகன் இல்லை என்று வாசலில் நின்று கத்தினால் யார் சந்தேகப்படுவார்கள்? ஒருவன் கையை விரித்து உன் காதோடு சேர்த்து அறைந்தான். இரண்டாவது அறையும் அதே இடத்தில் விழுந்தது. நீ திருப்பி அடிக்கவில்லை. எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுகூடச் சொல்லவில்லை. தெரு பார்த்துக்கொண்டிருந்தது, என்னைப் பைத்தியம் என்று சொல்லக் கூடாது என்று நினைத்திருக்கிறாய். உன் காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. நான் அதைப் பார்த்தேன், எபி. நிறம் சரியாக இருக்கிறதே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். மல்லிகா அக்கா ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்து, "டேய், பெத்த புள்ளடா அது, விடுங்கடா" என்று நடுவில் விழுந்திராவிட்டால் அன்று இன்னும் என்னென்ன நடந்திருக்குமோ.

இதோடு இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். உனக்கு எட்டு வயதில் உன் அப்பாவை உருக்காலையிலிருந்து கொண்டுவந்து இறக்கியபோது தலை முதல் கால் வரை கட்டியிருந்தார்கள். "பாக்காதம்மா, தாங்க மாட்ட" என்றார்கள். காகிதத்தை நீட்டினார்கள். நான் பார்க்காமலே இது என் புருஷன்தான் என்று கையெழுத்துப் போட்டேன். மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொல்வார், சரியாகத்தான் இருக்கும். ஆனால் சன்னல் கம்பியில் லென்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இந்தத் தடவை பார்க்காமல் விடமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். அது உனக்குக் கேட்டிருக்கும். காது அப்போது நன்றாக இருந்தது.

மறுநாள் காதில் பஞ்சோடு நீதான் என்னைச் சென்னைக்கு அழைத்துப் போனாய். மல்லிகா அக்கா துணைக்கு வந்தது, ஏனென்றால் நான் உன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றேன். டாக்டரிடம் நீ, "சார், எங்கம்மா என்னைய யாருன்னு கேக்குது" என்றாய். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். எப்போதிலிருந்து, மாத்திரைக்கு முன்பா பின்பா, வீட்டில் ஏதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்களா என்று கேட்டார். நீ பருப்பைச் சொன்னாய். "சில பேருக்கு இந்த மாத்திரை மனசை இப்படிப் பண்ணும். அபூர்வம். நான் முதல்லயே உங்க கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். மாத்திரையை நிறுத்தி, மனநல டாக்டரிடம் அனுப்பினார். என் வாழ்க்கையில் என்னிடம் தன் தப்பை ஒத்துக்கொண்ட ஒரே பெரிய மனிதர் அவர்தான். அதற்காக மன்னித்துவிட்டேனா என்றால், இன்னும் தெரியவில்லை.

மெதுவாகத்தான் தெளிந்தது. ஒரு நாள் நீ குளித்துவிட்டு வந்து தலையை உதறினாய், தண்ணீர் என் மேல் தெறித்தது, "டேய் எபி, அப்பால போ" என்று திட்டினேன். நீ துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். பிறகு அந்தப் போட்டோவைக் கழற்றி வந்து, "இது செல்ஃபிம்மா. கண்ணாடி மாரி திருப்பிப் புடிக்கும்" என்று காட்டினாய். பின்னால் இருந்த படகின் பெயரைப் பார்க்கச் சொன்னாய். எழுத்துகள் எல்லாம் இடவலம் மாறி இருந்தன. தலைமுடி அளவு பிசிறைப் பிடித்த கண், ஒரு முழம் எழுத்தைப் பார்க்கவில்லை. கம்பெனியில் மறுபடி போய் உட்கார்ந்தேன். என் சிவப்பு டப்பா பழையபடி மெதுவாக நிரம்பியது. முன் மாதிரி ஸ்பீடு இல்லை என்று காண்ட்ராக்டர் இரண்டு மாதத்தில் வர வேண்டாம் என்றார். எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தபோதுதான் அவர்களுக்கு நான் சரியான ஆளாக இருந்திருக்கிறேன்.

எல்லாம் நீதான் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூன்று மாதம் இந்த வீட்டில் இருந்தவன் எங்கே போனான் என்று சில சமயம் தோன்றுகிறது. நான் முறைத்துப் பார்த்தாலும் சிரித்தான். சந்தேகத்தோடு போட்ட சோற்றைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். லென்ஸுக்கு முகத்தைச் சாய்த்துக் கொடுத்தான். அவனுக்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அவன் மேல் எனக்குப் பாவமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்வது சரியா என்று தெரியாது, சொல்லிவிட்டேன்.

மாத்திரையைச் சாப்பிடத்தான் போகிறேன். கண் தெரியாமல் உன் வீட்டில் ஒரு மூலையில் உட்கார எனக்கு மனசில்லை. குறைந்த அளவு, மாதம் ஒருமுறை மனநல டாக்டர், இதெல்லாம் இந்தத் தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சீட்டு என்னைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்காது. நீயும் மல்லிகா அக்காவும் வேலைக்குப் போய்விடுவீர்கள். வீட்டில் இருக்கப் போவது சந்தியா. அவளுக்கு என் இயல்பு இன்னும் பழக்கமில்லை. நான் பருப்போடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால், அத்தை எவ்வளவு பொறுப்பு என்று உன்னிடம் பெருமையாகச் சொல்வாள். அவள் முகத்தை நான் அதிக நேரம் பார்த்தால் பாசம் என்று நினைப்பாள். உன் அம்மாவைப் பற்றி ஒரு பொய் சொல்லி அந்தப் பெண்ணை இந்த வீட்டுக்குள் கொண்டுவருவது, கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டுவது போலத்தான். எனக்கு நீட்டினார்கள். நீ அவளுக்கு நீட்டாதே.

நான் எப்போதாவது உன்னையோ அவளையோ பார்த்து யார் என்று கேட்டால், நிரூபிக்க முயலாதீர்கள். தழும்பைக் காட்டாதீர்கள், போட்டோவை எடுக்காதீர்கள். எனக்கு அப்போது எதைக் கொடுத்தாலும் சாட்சியாக்கிவிடுவேன். நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை நானும் தீர்மானிக்கக் கூடாது, நீயும் கூடாது. இன்னொரு ஆள் பார்க்க வேண்டும். மஞ்சள் டிரே அதற்குத்தான் இருந்தது.

முதல் பாதி மாத்திரை ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் சனிக்கிழமை சந்தியாவையும் அவள் அம்மாவையும் இங்கே வரச் சொல். காது விஷயத்தை நீ சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு எழுந்து போனால் போகட்டும், அது அவள் உரிமை, நீ அவளைத் திட்டக் கூடாது. போகவில்லை என்றால் அன்று முழுக்க என்னோடு இருக்கட்டும். நான் எப்படிச் சமைக்கிறேன், எத்தனை சீக்கிரம் அலுத்துக்கொள்கிறேன், பருப்பில் கல் இருந்தால்கூட எவ்வளவு அசட்டையாக விடுகிறேன் என்று பார்க்கட்டும். பிறகு நான் மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் மாதிரிக்கு ஒரு நான் இருக்க வேண்டும்.

நீ இப்போது முதல் ஷிப்டு முடித்துவிட்டு உள்ளே தூங்குகிறாய். சன்னல் வெயில் உன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இதை எழுதும்போது இரண்டு முறை எழுந்து வந்து உன்னைப் பார்த்தேன். முதல் முறை திரையை இழுத்துவிட. இரண்டாவது முறை எதற்கென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமையைத் தள்ளிப் போடாதே.

அம்மா